ஆணி அடிக்கக் கூடாத வீடு

இரண்டாயிரத்து ஒன்றோ இரண்டோ, சரியாக நினைவில்லை. என் வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனி எங்களுக்குக் குடியிருக்க வீடு கொடுத்தது. தண்ணீர்க் கஷ்டம் இல்லை, வாடகை கிடையாது. சுவரில் மட்டும் ஆணி அடிக்கக் கூடாது. சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் முன்பு வாடகைக்கு இருந்த வீட்டிலும் இதே பாட்டுத்தான். ஆணி என்று வாயெடுத்தாலே அந்த வீட்டுக்காரம்மா சாமி வந்தவள் மாதிரி ஆடுவாள்.

அதற்கு முந்தைய வருஷம்தான் அப்பா இறந்துபோயிருந்தார். திருநெல்வேலியிலிருந்து அவர் படத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். மாட்ட வழியில்லாமல் கூடத்துத் தரையில் சுவரோடு சாய்த்து வைத்திருந்தேன். தினமும் பெருக்கும்போது அவரைத் தூக்கி நகர்த்தி, திரும்ப வைக்க வேண்டும். பெற்ற அப்பாவுக்கு ஒரு சாண் சுவர் இல்லையே என்று அழுதிருக்கிறேன்.

மார்ச் மாதச் சம்பளம் வந்த அன்று இவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். "இந்த வீட்டுக்கு வரி பிடிச்சிட்டானுவ, சம்பளத்துல" என்றார். அவ்வளவுதான். சாப்பிட்டுப் படுத்துவிட்டார்.

மறுநாள் காலை, பிள்ளைப்பாக்கத்திலிருந்து பால் கொண்டுவரும் அக்காவிடம் கேட்டேன். "கம்பெனி வீட்டுக்கு எங்ககிட்ட வரி வாங்குதாங்க. ஏங்க்கா?"

"இன்னாம்மா இப்டி கேக்கற? வூட்டு வரி யாரு கட்றாங்களோ அவங்களுதுதான் வூடு. நாங்க பொறம்போக்குல குடிச போட்டு, பஞ்சாயத்துல வரி கட்டிகினே வந்தோம். அத்த காட்டித்தான் பட்டாவே வாங்கனோம். உட்றாத, கெட்டியா புடிச்சிக்கோ!"

போதாதா எனக்கு? பக்கத்து வீட்டில் சுத்தியல் வாங்கி, நாற்காலி மேல் ஏறி, ஓங்கி அடித்தேன். காரை கொஞ்சம் பெயர்ந்தது. பெயரட்டுமே, என் சுவர்தானே! அப்பாவை மாட்டிப் பொட்டு வைத்து, "இனிமே யாரும் உங்கள நகத்த மாட்டாங்கப்பா" என்று வாய்விட்டே சொன்னேன். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் கல்யாணத்தன்று கூட இல்லை.

சாயங்காலம் இவர் வந்தவர், படத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். பால்கார அக்கா சொன்னதைப் பெருமையாகச் சொன்னேன். சிரிக்கப் பார்த்தவர், என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

"அது பஞ்சாயத்து வரி இல்ல புள்ள, வருமான வரி. கம்பெனி நமக்கு வீடு சும்மா குடுத்திருக்குல்லா? அதையும் சம்பளம் மாதிரி கணக்குல சேத்து வரி போடுதாங்க."

"கண்ணால பாக்காத சம்பளத்துக்கா? நல்லா இருக்கே நியாயம்! அப்போ வீடு?"

"கம்பெனிக்காரன் வீடுதான்."

நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன். படத்தைக் கழற்றக் கை நீட்டினால் கண்ணீரில் ஆணியே தெரியவில்லை. இவர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கட்டும். மாமாவ மறுபடியும் தரையில வைக்க எனக்கு மனசு வரல."

"பாத்தா சத்தம் போடுவாங்களே?"

"போடட்டும். வீட்டுக்குன்னு வரி கட்டுதோம்லா, ஒரு ஆணியாவது நம்மளுதா இருக்கட்டும்."

சில வருஷம் கழித்து இவருக்கு ஒரகடத்தில் வேறு வேலை கிடைத்தது. வீட்டைக் காலி செய்த அன்று அப்பாவை இறக்கிப் புடவையில் சுற்றி வைத்தேன். ஆணியைப் பிடுங்கிவிட்டு, ஓட்டையைப் பற்பசை வைத்து அடைத்தேன். கம்பெனி ஆள் வந்து சுவரையெல்லாம் பார்த்தார்.

"ஆணி கீணி எதுனா அடிச்சீங்களாம்மா?"

"நீங்களே பாத்துக்கோங்க, உங்க சுவத்துல ஒரு ஆணி கிடையாது" என்றேன்.

நான் சொன்னது பொய்யில்லை. என் அப்பாவின் ஆணி என் முந்தானை முடிச்சில் இருந்தது.