நான் அனுப்பாத போயாச் செய்தி

மகளைப் பார்க்கும் நாளாக அவளுடைய வாப்பா போயா தினத்தைக் கேட்டபோது, நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். மற்றத் தகப்பன்மார் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை கேட்பார்கள். இவர் மாதத்துக்கு ஒரு தடவை வரும் பூரணையைக் கேட்கிறார், அதுவும் ஒரு முஸ்லிம். மொழிபெயர்ப்பாளர் சிங்களத்தில் விளக்கம் சொன்னார். இவர் மாம்புரிப் பக்கம் கடலுக்குப் போகிறவர், நிலாக் காலத்தில் வலை மீனுக்குத் தெரிந்துவிடும், அதனால் பூரணையை ஒட்டி நாலைந்து நாள் படகு கரையில்தான் கிடக்கும் என்றார். நீதிபதி தலையாட்டினார். போயா தோறும் காலை ஒன்பது மணியிலிருந்து மாலை ஐந்து மணி வரை என்று எழுதப்பட்டது.

எங்கள் விவாகரத்து காதியாரிடம் முன்னமே முடிந்திருந்தது. பிள்ளை விசயம் மட்டும் புத்தளம் கோட்டுக்குப் போயிற்று. மகளுக்கு அப்போது ஏழு வயது. பிள்ளை என்னோடு கனமூலையில் இருப்பது என்பதில் ஒருவருக்கும் சண்டை இல்லை. பார்க்கும் நாளில்தான் சண்டை. பாடசாலை விடுமுறையில் ஒரு கிழமை, ஏழு நாளும், வேண்டும் என்று அவர் கேட்டார், நான் மாட்டேன் என்றேன். பெருநாள் பின்னேரம் வேண்டும் என்றார், அதற்கும் மாட்டேன் என்றேன். நான் மூன்றாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறவள். மாட்டேன் என்று சொல்லிப் பழகிய வாய்.

அவருக்குக் கலண்டர் பார்க்கும் பழக்கம் கிடையாது. எல்லாக் கணக்கும் பிறைதான். பிறை கண்ட நாளிலிருந்து விரல் மடித்து எண்ணுவார், பதினாலாம் நாள் வந்தால் அவருக்குப் போயா. அரசாங்கம் விடுமுறை விடும் போயா சில மாதம் அதோடு ஒத்துப்போகும், சில மாதம் ஒரு நாள் முந்திவிடும். இது எனக்கு நன்றாகத் தெரியும், பத்து வருடம் குடும்பம் நடத்தியவள். அதனால் முதல் மாதமே நானாக ஒரு மெசேஜ் போட்டேன். "நாளைக்குப் போயா. ஒன்பது மணி." கோட்டு உத்தரவில் அப்படி ஒன்றும் இல்லை. ஆனாலும் மாதா மாதம் போட்டேன். அவரும் "சரி" என்று ஒரு சொல் அனுப்புவார். பிரிந்த பிறகு எங்களுக்குள் ஒழுங்காக நடந்த ஒரே கதை அது.

போயா நாளில் வீடு எப்படி இருக்கும் என்பதை யாரிடமும் நான் சொன்னதில்லை. ஒன்பது மணிக்கு அவள் கேற்றைத் தாண்டிப் போவாள், பாலாவியில் பஸ் மாறுவது பற்றி வாப்பாவோடு கதைத்துக்கொண்டே. நான் கூட்டிய வீட்டைத் திரும்பவும் கூட்டுவேன். அவளுடைய சட்டைகளைத் துவைப்பேன், காய்ந்ததும் மடிப்பேன். பள்ளிவாசலில் மத்தியானம் ளுஹருக்கு பாங்கு சொல்லும்போது ஒரு ஆளுக்குச் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் இறங்காது. நாற்பது பிள்ளைகளை ஒரு அதட்டில் அடக்குகிற எனக்கு, சத்தமில்லாத ஒரு வீட்டை என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஐந்து மணிக்கு வருவாள். முகமெல்லாம் வெயில், தலைமுடியெல்லாம் மணல். சாப்பிடச் சொன்னால், "வாப்பா மீன் சுட்டுத் தந்தாரு, வயிறு நிறைய" என்பாள். ஒரு தடவை, "அங்க நித்திரை நல்லா வருது உம்மா, காத்து" என்றாள். பகலில் ஒரு மணித்தியாலம் தூங்கியிருப்பாள், அவ்வளவுதான். எனக்கு அது குத்திற்று. பிள்ளை என்ன நினைத்துச் சொன்னாள் என்று யோசிக்கிற நிலையில் நான் இருக்கவில்லை.

அடுத்த மாதம் போயா ஒரு புதன்கிழமை வந்தது. பிறைக் கணக்குக்கு அது பதின்மூன்று. செவ்வாய்க்கிழமை பின்னேரம் போனைக் கையில் எடுத்தேன். எடுத்து, மேசையில் வைத்தேன். பொய் ஒன்றும் சொல்லவில்லையே, சும்மா இருக்கிறேன், அவ்வளவுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரே ஒரு போயாவுக்குப் பிள்ளை என்னோடு இருந்தால் என்ன குறைந்துவிடும் என்றும் சொன்னேன்.

புதன்கிழமை அவள் எட்டு மணிக்கே உடுத்துக்கொண்டு வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தாள். பத்து மணிக்கு, பஸ் பிந்தியிருக்கும் என்றாள். பதினொன்றுக்குக் கதிரையைக் கேற்றடிக்கு நகர்த்தினாள். போன் எடுத்துப் பார்க்கட்டுமா என்று கேட்டபோது, "நீ போய் எடுக்கத் தேவல்ல, வாறதெண்டா வருவார்தானே" என்றேன். அவளுக்காக இனிப்பாக வட்டிலப்பம் செய்து வைத்திருந்தேன். பின்னேரம் அவளாகவே உடுப்பை மாற்றிக்கொண்டு வந்து அதில் இரண்டு கரண்டி சாப்பிட்டாள், என் மனம் நோகக்கூடாது என்பதற்காக.

வியாழக்கிழமை அவர் வந்தார். மகள் பாடசாலையில். எனக்கு அன்று காய்ச்சல் என்று லீவு போட்டிருந்தேன். காய்ச்சல் இல்லை. அவர் எப்படியும் வருவார் என்று தெரிந்துதான் வீட்டில் நின்றேன், அக்கம்பக்கத்தார் கண்ணில் படாமல் அனுப்பிவிட. கேற்றடியில் வெள்ளைச் சேட்டோடு, கையில் பனையோலைப் பெட்டியோடு நின்றார்.

"போயா நேத்து" என்றேன்.

அவர் விரல்களைப் பார்த்தார். திரும்ப ஒரு தடவை மடித்து எண்ணினார். "பிள்ளை பாத்துக்கிட்டு இருந்தாளா?"

"பின்னேரம் வரைக்கும்."

பெட்டியைக் கேற்றடியில் வைத்துவிட்டுப் போனார். அதற்குள் சிப்பிகளும், அவள் கேட்டிருந்த கருவாடும் இருந்தன. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். அவர் வந்ததை மகளிடம் சொல்லவில்லை.

கோட்டில் வழக்கு கூப்பிட்ட தவணையில் என் சட்டத்தரணி கேட்டார், எல்லா நாளும் ஒழுங்காக வந்தாரா என்று. ஒரு நாள் வரவில்லை என்றேன். அது உண்மை, அதனால் குரல் நடுங்கவில்லை. நீதிபதி அவரைக் கேட்டபோது, "பிழை என்னுடையதுதான், பிறையை வச்சு எண்ணிட்டன்" என்றார். மொழிபெயர்த்ததும் பின் வாங்கிலில் உட்கார்ந்திருந்த சிலர் சிரித்தார்கள். இன்னொரு தடவை தவறினால் உத்தரவை மாற்ற நேரும் என்று நீதிபதி எச்சரித்தார்.

வெளியே வந்ததும் என்னிடம் வந்தார். குடும்பம் நடத்திய காலமெல்லாம் என்னை நீ என்றவர், விவாகரத்துக்குப் பிறகுதான் எனக்கு நீங்க என்ற மரியாதையைக் கொடுத்தார். "நீங்க மெசேஜ் போட்டிருப்பீங்க. என்ட போன் அந்த ரெண்டு நாளும் செத்துப் போய்க் கிடந்தது. குறை நினைக்காதீங்க" என்றார். நான் குடையை விரித்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நடந்ததில்லை.

அடுத்த போயாவுக்கு மெசேஜ் போட்டேன். அவர் எட்டரைக்கே வந்துவிட்டார். மகள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் தட்டினேன்.

"நான் போகல்ல."

"வாப்பா வந்து நிக்கிறார் மகள்."

"அவருக்கு என்ட ஞாபகம் வந்தா வாறார், இல்லாட்டி இல்ல. எனக்குத் தேவல்ல."

அவர் முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரையில் பதினொரு மணி வரை உட்கார்ந்திருந்தார். தேத்தண்ணி கொடுத்தேன், குடித்தார். போகும்போது, "பிள்ளைய ஏசாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. போயா நாள் முழுவதும் பிள்ளை என் வீட்டில். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சோறு ஊட்டப் போனேன், வாயைத் திறக்கவில்லை. அவள் இல்லாத போயாக்களில் நான் தனியாக இருந்தேன்தான், ஆனால் ஐந்து மணிக்கு அது முடிந்துவிடும். இன்று ஐந்து மணியானது, ஆறானது, அது முடியவில்லை. வாப்பா தன்னை மறந்துவிட்டார் என்று ஒரு பிள்ளை நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள், அந்த நினைப்பை அவளுக்குக் கொடுத்தது நான்.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். மெசேஜ் போடாததை, தெரிந்தே போடாததை. அழுவாள் என்று நினைத்தேன். எழும்பி உட்கார்ந்தாள்.

"அப்ப வாப்பா அடுத்த நாள் வந்தாரா?"

"ஓம்."

"நான் ஸ்கூல்ல இருக்கக்குள்ளயா?"

"ஓம்."

போனைக் கேட்டாள். கொடுத்தேன். என் முன்னாலேயே அவருக்கு எடுத்து, நான் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். பிறகு, "சரி மகள், அடுத்த போயாவுக்கு வாறன்" என்ற அவர் குரல் எனக்கும் கேட்டது. என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த தவணையில் நீதிபதியிடமும் சொன்னேன். அந்த மனிதர் அன்றைக்குக் கண்ணாடியைக் கழற்றவில்லை. குனிந்து எதையோ எழுதினார். பாடசாலை விடுமுறையில் ஒரு கிழமையும் தகப்பனுக்கு என்றானது. என் சட்டத்தரணி என்னோடு கதைக்காமலே கோப்பை மூடினார்.

இப்போது மெசேஜ் போடுவது மகள்தான். போயாவுக்கு முந்தின நாள் போனை வாங்கி, கலண்டரைப் பார்த்து, தானே எழுதி அனுப்புவாள். போன மாதம் அனுப்பிவிட்டுப் போனைத் திருப்பித் தரும்போது கேட்டாள்.

"நாளைக்கு நீங்க தனிய என்ன செய்வீங்க?"

"எனக்கு நிறைய வேலை இருக்கு மகள்."

"உண்மையாவா?"

முன்பு நான் சொன்ன எதற்கும் அவள் அப்படிக் கேட்டதில்லை. நான் அவளுடைய முகத்தைப் பார்த்தேன்.

"இல்ல" என்றேன். "ஒரு வேலையும் இல்ல."