பொட்டு வைத்த பேரிங்

"பேரிங்க ஐஸ் பொட்டியில வெச்சிருக்கறேன், யாரும் கை வெச்சுராதீங்க" என்று மகன் சொன்னபோது எனக்குப் பேரன் என்றுதான் காதில் விழுந்தது. கல்யாணமே ஆகாதவன் எனக்குப் பேரனை எங்கிருந்து கொண்டுவந்தான் என்று ஓடிப்போய் ப்ரிட்ஜைத் திறந்தேன். மேலே ஐஸ் உறையும் தட்டில், ஊத்துக்குளி வெண்ணெய்க்குப் பக்கத்தில் ஒரு இரும்பு வளையம் பிளாஸ்டிக் பையில் படுத்திருந்தது. ஒரு பக்கம் குண்டு குண்டாக உருண்டைகள் தெரிந்தன. மறுபக்கம் தகட்டு மூடி, நெற்றி மாதிரி மழமழவென்று இருந்தது.

நல்லூரில் எங்கள் வீட்டிலேயே மிஷின் போட்டுப் பனியன் தைத்துக்கொடுத்த காலம் அது. முன்னறையில் தைத்த பீஸ் கட்டுகள், பின்னறையில் மிஷின்கள், நடுவில் கட்டிங் டேபிள். மீதி இருந்த இடத்தில் நாங்கள் இருந்தோம். மகனுக்கோ பனியன் வேண்டாம், பைக் பட்டறைதான் வேண்டும். அந்த முன்னறையைக் கேட்டான். சேவூர்த் தோட்டம் ஒன்றில் கோழி அடைந்து கிடந்த பழைய பைக்கை வாங்கி வந்து, இன்ஜினை அக்கு அக்காகப் பிரித்தும் போட்டுவிட்டான். அவன் அப்பா ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

"ஞாயித்துக்கெழமக்குள்ள இது ஓடுச்சுன்னா முன்ரூமு உனக்கு. ஓடலீன்னா திங்கக்கெழம கத்தரியப் புடிச்சுட்டு கட்டிங் டேபிள்ல நிக்கோணும்."

எல்லாம் அந்தப் பேரிங்கில் வந்து நின்றது. கேஸ் என்று அவன் சொல்கிற இன்ஜின் கூட்டில் அது உட்காரும் குழி, பேரிங்கைவிட ஒரு மயிரிழை சின்னது. சும்மா வைத்தால் உள்ளே போகாது.

"சுத்தியல எடுத்து நாலு போடு போட்டா உக்காந்துட்டுப் போகுது" என்றார் வீட்டுக்காரர். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். ரேடியோவுக்கும் அதையேதான் செய்வார்.

"அடிச்சா கேஸு விரிசல் உட்டுருமுங்கப்பா. இதுக்கு வேற கேஸு கெடைக்காதுங்க."

கேஸைச் சூடு பண்ணினால் குழி விரியுமாம், பேரிங்கைக் குளிர வைத்தால் அது சுருங்குமாம். அந்தக் கொஞ்ச நேரத்தில் உள்ளே விட்டால் விழுந்து உட்காருமாம். அப்புறம் ரெண்டும் பழைய அளவுக்கு வந்து, ஒன்றையொன்று விடாதாம்.

"அப்ப அடுப்புல மாமியா, ஐஸ் பொட்டில மருமக" என்றேன். மகன் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையில் அவன் இல்லை.

சனிக்கிழமை காலையில் அவன் கேஸைக் கழுவிக்கொண்டிருந்தபோது நான் ஒரு வேலை பார்த்தேன். எங்கள் வீட்டில் புது மிஷின் வந்தால் நூல் கோப்பதற்கு முன்னால் பொட்டு வைப்போம். பேரிங்கும் புதுசுதானே. மூடிப் பக்கத்தில் குங்குமத்தைக் குழைத்து வட்டமாக ஒரு பொட்டு வைத்து, மறுபடியும் பைக்குள் போட்டுவிட்டேன். அடுத்த நிமிஷமே வந்து பார்த்துவிட்டான்.

"என்னங்கம்மா இது கண்றாவி. குங்குமம் உள்ள போனா பேரிங்கே போயிருமுங்க."

"மூடி மேலதான வெச்சேன் கண்ணு, குண்டுக்குள்ள போகல."

"அந்த மூடி மேல பாத்து உக்காரோணும். மாத்தி உக்காந்தா எண்ணெய் போகாது. அதுல போயி பொட்டு வெச்சிருக்கறீங்களே." துடைக்கப் போனான். வெளியில் வைத்தால் குளிர் போயிடும் என்று அவன் எனக்குச் சொன்னதையே அவனுக்குத் திருப்பிச் சொன்னேன். முறைத்துவிட்டு உள்ளே வைத்தான்.

தோசைக்கல்லை அடுப்பில் போட்டு, அதன்மேல் கேஸை வைத்து மூடினோம். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மிஷின் நின்றதும் தைக்கிறவர்கள் எல்லாரும் சமையல்கட்டு வாசலில் கூடிவிட்டார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து எங்களிடம் ஓவர்லாக் தையல் மிஷின் ஓட்டிய பெண் எட்டிப் பார்த்தாள்.

"எக்கா, இன்னைக்கி இன்ஜின் தோசையா? நான் சட்னி அரைக்கட்டா?"

"உனக்குத்தாண்டி மொதல் தோசை" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து மூடியைத் திறந்து கேஸ்மேல் தண்ணீர் தெளித்தேன். சொய்ங் என்று துள்ளி ஓடியது. மகன் ப்ரிட்ஜுக்கு ஓடினான். பேரிங்கைத் துணியில் பிடித்துக்கொண்டு வந்தான். அவன் அப்பா வாசலில் வந்து நின்றதை அவனும் பார்த்துவிட்டான். குழிக்கு நேராகக் குனிந்தான். மேலே தெரிந்த பக்கம் முழுக்க உறைபனி, வெள்ளையாக இருந்தது. சிவப்பு எங்கேயும் இல்லை.

"கண்ணு, பொட்டக் காணோம்."

"அம்மா, சும்மாருங்க."

"பொட்டு கீழ பாக்குது சாமி."

அப்படியே நின்றான். பேரிங்கைத் திருப்பினான். பொட்டு மேலே வந்தது. குழிக்கு மேல் பிடித்து விட்டான். யாரும் தள்ளவில்லை, தட்டவில்லை. டொக் என்று அதுவாகவே இறங்கி உட்கார்ந்தது. சூடு ஆறினதும் கேஸைக் கவிழ்த்துக் குலுக்கினான், அசையவில்லை. உருகி வழிந்த குங்குமத்தைப் பனியன் வேஸ்ட் துணியால் துடைத்தான். என்னை ஒரு பார்வை பார்த்தான். அந்தப் பார்வைக்காக நான் இன்னும் பத்து இன்ஜினுக்குத் தோசைக்கல் கொடுத்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வண்டியை வாசலில் நிறுத்தி உதைத்தான். இருமியது. மறுபடி உதைத்தான். பிடித்துக்கொண்டது. தெருவில் ஒரு சுற்றுப் போய்த் திரும்பி வந்தான். அவன் அப்பா வண்டிக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார். நல்லா இருக்கிறது என்று சொன்னால் வாய் வெந்துவிடும் அவருக்கு. நேராக முன்னறைக்குப் போனார்.

"ஏ புள்ள, இந்தக் கட்ட அந்தப் பக்கம் புடி."

"எங்கீங்க கொண்டுபோறது?"

"உம்பட சமையக்கட்டுல வெய்யி. இன்ஜினே வேகுது அங்க, பனியனுக்கு எடமில்லையா?"

அந்த வாரம் முழுக்க அரிசிப் பானைமேல் பீஸ் கட்டு உட்கார்ந்திருந்தது. வந்தவர்கள் எல்லாரும் ஏனென்று கேட்டார்கள். கேட்காதவர்களுக்கும் சொன்னேன். பேரிங்கை இறக்கினது எம்மகன், திருப்பச் சொன்னது நான்.