வட்டத்துக்குள் ஓடினேன்

என் மகள் விரும்பிக் கேட்கும் பாடகர்களை யாருக்கும் தெரியாது. வானொலியில் அவர்கள் வருவதில்லை. கல்யாண வீடுகளில் அவர்களுடைய பாட்டை யாரும் போடுவதில்லை. பகலில் எங்கெங்கோ வேலை செய்கிறார்கள். கிடைத்த நேரத்தில் ஒரு அறையில் கூடிப் பாட்டுக் கட்டுகிறார்கள். தாங்களே பதிவு செய்து தாங்களே இணையத்தில் ஏற்றுகிறார்கள். சுயாதீன இசை என்று மகள் அதற்குப் பெயர் சொன்னாள்.

"கம்பனி இல்ல, முதலாளி இல்ல. அவங்க பாட்டு அவங்களுக்கு."

"கேக்கவும் ஆள் இல்ல போல," என்றேன்.

"நான் இருக்கேனே," என்றாள்.

அவளுக்கு இருபத்து மூன்று வயது. மாத்தளை டவுனில் ஒரு பார்மசியில் வேலை. நான் யட்டவத்தையில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞர். அவளுடைய அப்பா கட்டாரில். ஆகவே மகளைப் பற்றிய கவலை முழுவதும் என் தலையில். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் அவள் வீட்டில் இருக்க மாட்டாள். கண்டியில் ஒரு கடையின் மொட்டை மாடி, கொழும்பில் யாரோ வீட்டின் கார் கொட்டகை, தெற்கே ஏதோ ஒரு கடற்கரை. பஸ்ஸில் ஐந்து மணி நேரம் போய், நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்டு, மறுபடி ஐந்து மணி நேரம் பஸ்ஸில் வருவாள். முகத்தில் களைப்பே இருக்காது.

அவளுடைய கொப்பி ஒன்றை ஒருநாள் திருட்டுத்தனமாகப் படித்தேன். எவனாவது ஒரு பையனைப் பற்றி எழுதியிருப்பாள் என்று நினைத்தேன். ஒவ்வொரு கச்சேரிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தாள். "வந்தவர்கள் பதினான்கு பேர். இரண்டாவது பாட்டில் கிட்டார் கம்பி அறுந்தது. மாற்றிக்கொண்டிருந்தபோது டிரம்ஸ் அடிக்கிறவர் தனியாக அடித்து நேரத்தை நிரப்பினார். அவருடைய கட்டைவிரலில் கட்டு. கடைசி வரை நிறுத்தவில்லை." இப்படியே எண்பது, தொண்ணூறு பக்கங்கள். நான் இருபத்தைந்து வருடமாக அலுவலகக் கூட்டங்களுக்குக் குறிப்பு எழுதுகிறேன். இவ்வளவு கவனமாக ஒருநாளும் எழுதியதில்லை. கொப்பியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

கச்சேரி தொடங்கும்போது முதலில் பாடுகிறவர்களைக் கேட்க யாரும் முன்னால் வர மாட்டார்களாம். எல்லாரும் சுவரோரம் நின்று போனைப் பார்ப்பார்களாம். மகள் நேராகப் போய் மேடைக்கு முன்னால் நிற்பாள். "வெறுந்தரையப் பார்த்துப் பாடினா அவங்களுக்கு எப்பிடி இருக்கும்?" என்று என்னிடம் கேட்டாள். அவளோடு திரியும் யட்டவத்தைச் சிங்களப் பிள்ளை ஒருத்தி இன்னொரு விஷயம் சொன்னாள். மகளின் பையில் காதுக்கு வைக்கும் செம்மஞ்சள் பஞ்சு எப்போதும் ஏழெட்டு ஜோடி இருக்குமாம். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களைத் தேடிப் பிடித்துக் கொடுப்பாளாம். "எல்லாரும் அவவ நர்ஸ் எண்டுதான் கூப்பிடுறாங்க ஆன்ட்டி," என்று சொல்லிச் சிரித்தாள்.

இவ்வளவும் தெரிந்தும் எனக்குப் பயம் போகவில்லை. ஒரு கச்சேரிக்கு ஐந்து தடவை போன் பண்ணுவேன். எடுக்காவிட்டால் யட்டவத்தைப் பிள்ளைக்குப் பண்ணுவேன். எதற்கு இவ்வளவு பயம் என்று மகள் கேட்பாள். காலம் கெட்டுக் கிடக்கிறது என்பேன். உண்மைக் காரணத்தை நான் அவளுக்கு ஒருநாளும் சொன்னதில்லை.

போன வருடம் அவளே ஒரு வழி சொன்னாள். எல்கடுவைக்கு மேலே மூடிக் கிடந்த, ஒரு காலத்தில் தேயிலை அரைத்த பழைய ஸ்டோர் ஒன்றில் கச்சேரி வைக்கப் போகிறார்கள். கடைசி பஸ் நேரத்தோடு இறங்கிவிடும் என்பதால் மத்தியானம் ஒரு மணிக்கே தொடக்கம்.

"நம்ம பக்கத்துக்கே வருதும்மா. நீங்களும் வாங்க. உங்க கண்ணாலயே பாருங்க. பார்த்துட்டும் வேணாம்னு சொன்னீங்கன்னா, அதோட விட்டுர்றேன். இனிமே கேக்கவே மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

வேண்டாம் என்று சொல்லத் தயாராகத்தான் பஸ் ஏறினேன்.

ஸ்டோருக்குள் இன்னும் தேயிலைத் தூள் வாசம் இருந்தது. இயந்திரங்களைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். சீமெந்துத் தரையில் அவற்றின் தடம் மட்டும் இருந்தது. பக்கத்துத் தோட்ட லயத்துப் பெண்கள் நாலைந்து பேர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். உள்ளே நூறு பிள்ளைகள் இருப்பார்கள். பாதிக்கு மேல் சிங்களப் பிள்ளைகள். கறுப்பு டீ ஷர்ட், கையில் பச்சை குத்திய படங்கள். மகள் எனக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரை தேடிக் கொண்டு வந்து சுவரோரம் போட்டாள். காதில் பஞ்சு வைத்துவிட்டாள்.

"யாராவது கீழ விழுந்தா பயப்படாதீங்க. தூக்கிருவாங்க," என்றாள்.

"எதுக்கு விழணும்?"

"சும்மாதான்," என்று சிரித்துக்கொண்டே போனாள்.

முதல் இரண்டு குழுக்கள் பாடியபோது அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடி, தலையைக் கொஞ்சம் சாய்த்து, ஒவ்வொரு சொல்லையும் உதட்டால் கூடவே சொன்னாள். இரண்டாவது குழு தமிழும் சிங்களமும் கலந்து பாடியது. தெரியாதவர்களுடைய பாட்டுக்கு இப்படி முழு மனதைக் கொடுக்க இவள் எங்கே படித்தாள் என்று நினைத்தேன். என் மனம் இளகத் தொடங்கியிருந்தது. அதை மறைக்காமல் எழுத வேண்டும்.

மூன்றாவது குழுவில் டிரம்ஸ் அடித்தது ஒரு பெண். நடுப்பாட்டில் அவள் சட்டென்று நிறுத்தினாள். பாடகன் கையை உயர்த்தி, விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டான். பிள்ளைகள் பின்வாங்கி நடுவில் பெரிய இடம் விட்டார்கள். ஒரு கணம் சத்தமே இல்லை. பிறகு டிரம்ஸ் இடிபோல் விழுந்தது. எல்லாரும் அந்த இடத்தைச் சுற்றி ஒரே திசையில் ஓடத் தொடங்கினார்கள்.

முதலில் கேட்டது கால்களின் சத்தம்தான். அறுபது, எழுபது பேர் சப்பாத்தும் செருப்புமாக ஒரே பக்கம் ஓடினார்கள். அதற்குப் பிறகுதான் கூச்சல் வந்தது, சிங்களத்தில். அந்தக் கூட்டத்தின் நடுவில் என் மகள். உயரமான ஒருவன் அவளைத் தோளால் இடித்தான். அவள் தடுமாறினாள்.

எழும்பியது எனக்கு நினைவில்லை. கையில் இருந்த குடையோடு உள்ளே ஓடினேன். அந்த உயரமானவனின் முதுகில் குடையால் அடித்தேன். இரண்டு அடி விழுந்தது. மூன்றாவதற்குள் யாரோ மோதி, முகம் குப்புற விழுந்தேன். நாடி தரையில் பட்டது.

கால் சத்தம் நின்றது. பாட்டும் நின்றது. என்னைச் சுற்றிப் பிள்ளைகள் கைகோத்து, யாரும் என்னை மிதிக்காதபடி முதுகைக் காட்டி நின்றுகொண்டார்கள். அந்த ஓட்டமும் இடியும் அவர்களுடைய ஆட்டம், விழுந்தவரைச் சுற்றி இப்படி நிற்பது அவர்களுடைய வழக்கம் என்று பிறகு தெரிந்தது. அடி வாங்கியவன் குனிந்து என் தோளைத் தொட்டான். "ஆன்ட்டி, பய வென்ன எப்பா," என்றான். பயப்படாதீர்கள் என்று சொல்கிறான். எனக்குச் சிங்களம் நன்றாகவே தெரியும். ஆனால் என் கண்ணுக்கு அவனுடைய முகம் மட்டுமே தெரிந்தது. இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டேன்.

"அபி சிங்கள," என்றேன். நாங்கள் சிங்களவர்கள். மறுபடியும் சொன்னேன். "அபி சிங்கள, அபி சிங்கள."

அந்தப் பையன் கையை எடுத்துக்கொண்டான். கைகளுக்கு இடையால் மகளைப் பார்த்தேன். அவள் முழங்காலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடி வாங்கியவனே என்னைத் தூக்கிக் கதிரையில் உட்கார வைத்தான். அதற்குப் பிறகு எல்லாரும் ஓடி ஓடி உதவி செய்தார்கள். டிரம்ஸ் பெண் சோடாப் பெட்டியிலிருந்து ஐஸ் கொண்டு வந்து என் நாடியில் வைத்துப் பிடித்தாள். ஒருவன் விசிறினான். அடி வாங்கியவன் என் குடையை நிமிர்த்திக் கொண்டு வந்து கொடுத்தான். அவனுக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். "ஆன்ட்டி நல்லா அடிக்கிறது. எங்க அம்மாவும் இவ்வளவு இல்ல," என்று முதுகைத் தடவிக்கொண்டு சொன்னான். சிரிக்க முயன்றான். அவன் கண் கலங்கியிருந்தது. நான் மன்னிப்புக் கேட்டேனா என்று ஞாபகம் இல்லை. கேட்டிருக்க வேண்டும்.

இறங்கும் பஸ்ஸில் மகளுக்குச் சொன்னேன். எனக்கு எட்டு வயது. எண்பத்து மூன்று ஜூலை மாதம். மாத்தளையில் எங்கள் தெருவுக்குள் முதலில் வந்தது கால் சத்தம். அதற்கு முந்திய நாள் என் அப்பா என்னை மடியில் உட்கார வைத்து, அந்த ஒரு வாக்கியத்தை உச்சரிப்புச் சரியாக வரும்வரை சொல்லச் சொன்னார். யாராவது பிடித்துத் தமிழா என்று கேட்டால் சொல்லத்தான். அன்றைக்கு யாரும் என்னிடம் கேட்கவில்லை. அப்பாவின் கடையை எரித்துவிட்டுப் போனார்கள். அந்த வாக்கியம் நாற்பது வருடத்துக்கு மேல் என் வாய்க்குள் அப்படியே இருந்திருக்கிறது.

மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் அவள் போவதை விட்டுவிட்டாள். அடுத்த ஞாயிறு துணி மடித்தாள். அதற்கு அடுத்த ஞாயிறு அலுமாரியைத் துப்புரவாக்கினாள். காதில் இயர்போன் இல்லை. கொப்பி மேசையில் தூசு பிடித்துக் கிடந்தது. நான்கு வருடமாக எது நடக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டேனோ அது நடந்துவிட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் யட்டவத்தைப் பிள்ளை என் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். "மெசேஜ் போட்டா பதில் இல்ல ஆன்ட்டி. யாழ்ப்பாணத்தில ஷோ இருக்கு. நம்ம டிரம்ஸ் அக்கா குழு முதல் தரம் அங்க போகுது. இவ இல்லாம எப்பிடி?" கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லி அவளை அனுப்பி வைத்தேன்.

அன்று பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது மகளிடம் கேட்டேன்.

"பயந்துட்டியா?"

"பயம் இல்லம்மா."

"பின்ன?"

"அவங்க எல்லாம் எனக்குப் பழக்கம். அந்தப் பையன் என் தம்பி மாதிரி. ஆனா அவன் மூஞ்சி ஞாபகம் வந்தா, நீங்க கீழ கெடந்து சொன்னதுதான் கேக்குது. பாட்டுக் கேக்க மாட்டேங்குது."

நான் யோசித்துப் பேசவில்லை. யோசித்திருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பேன்.

"என்னைத் தூக்கி விட்டது அவன்தான் புள்ள. நீ போகாம இருந்தா, நான் இன்னும் அந்தத் தரையிலதான் கெடக்கேன்."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "யாழ்ப்பாணம்மா. ஆறு மணி நேரம். அஞ்சு தடவ போன் பண்ணுவீங்க," என்றாள்.

"பத்துத் தடவ பண்ணுவேன். நீ போ."

புறப்பட்ட காலையில் மாத்தளை பஸ் நிலையத்துக்கு யட்டவத்தைப் பிள்ளையின் அம்மாவும் வந்திருந்தார். வெள்ளைச் சட்டை போட்ட, என் வயதுப் பெண். கண்டியிலிருந்து வந்த பஸ்ஸில் பிள்ளைகள் ஏறியதும் என் பக்கத்தில் வந்து நின்றார். தன் மகளின் மணிக்கட்டில், பன்சலையில் ஓதி வாங்கிய காப்பு நூலான பிரித் நூல் கட்டி அனுப்பியிருந்தார். "யாழ்ப்பாணத்தில் எங்கள் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாதே?" என்று சிங்களத்தில் மெதுவாகக் கேட்டார். நான் பிறந்ததிலிருந்து யாழ்ப்பாணம் போனதில்லை. "ஒன்றும் ஆகாது," என்று உறுதியாகச் சொன்னேன். அவருக்கு அது போதுமாக இருந்தது. எனக்கும் யாராவது அப்படிச் சொல்ல மாட்டார்களா என்று இருந்தது. இரண்டு பேரும் ஒன்றாக நடந்து போய் ஒரு கடையில் பிளேன் டீ குடித்தோம்.

பின்னேரம் நான்கு மணிக்கு மகளே போன் பண்ணினாள்.

"வந்து சேர்ந்துட்டோம்மா. சாப்பிட்டாச்சு. எல்லாரும் நல்லா இருக்காங்க. ஆரம்பிக்கப் போறாங்க, வைக்கிறேன்."

வைக்க மறந்துவிட்டாள். போனைப் பைக்குள் போட்டிருப்பாள். துணி உரசும் சத்தம், யாரோ யாழ்ப்பாணத் தமிழில் வரவேற்கும் சத்தம், பிறகு டிரம்ஸ். ஸ்டோரில் அடித்த அந்தப் பெண்ணின் கை என்று எனக்கே தெரிந்தது. குசினியில் அடுப்புக்குப் பக்கத்து வாங்கில் உட்கார்ந்து கேட்டேன். நடுப்பாட்டில் டிரம்ஸ் நின்றது. என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். போனை வெட்டிவிடலாம் என்று விரல் போனது. கால்கள் ஓடத் தொடங்கின. போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். கூச்சலுக்குள் மகளின் சிரிப்பு ஒரு தடவை கேட்டது. அவள்தான், சந்தேகமில்லை.

மூன்றாவது பாட்டில் என் போன் பற்றரி குறைந்துவிட்டது என்று சத்தம் போட்டது. எழும்பிப் போய் சார்ஜரைத் தேடி எடுத்து வந்து செருகினேன். வயர் கட்டையாக இருந்ததால் சுவரோடு ஒட்டி நின்றபடி மிச்சத்தைக் கேட்டேன்.