மாமன் சேலை வந்த வழி

நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி வெடுக்கென்று பிரித்தால் ‘டொக்’ என்று ஒரு சத்தம் வருமே, மாட்டை முடுக்குவதற்கு நாம் போடும் அதே சத்தம், போன ஞாயிற்றுக்கிழமை என் செல்போனிலிருந்து விடாமல் வந்துகொண்டிருந்தது. “என்னங்க, செல்லுல மாடு பத்துதீங்களா?” என்று அடுப்படியிலிருந்து என் மனைவி கேட்டாள். நான் பார்த்துக்கொண்டிருந்தது தென்னாப்பிரிக்காவின் கோசா மொழிப் படம். அந்த மொழியில் பல சொற்களுக்குள் அந்த ‘டொக்’ இருக்கிறது. கதை என்னவோ மூன்று விடலைப் பையன்கள், ஒரு ஓட்டைக் கார், நேரத்துக்குப் போய்ச் சேரவேண்டிய ஓர் ஊர், அவ்வளவுதான். பாதி வழியில் காரை ஓட்டியவன் “எனக்கு வழி தெரியும்” என்று மண்பாதையில் இறக்கினான் பாருங்கள், எனக்கு வந்த எரிச்சலில் செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். கோவில்பட்டியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த கனகராஜின் முகம் அது.

நாங்கள் பிளஸ் டூ படித்த வருடத்து ஐப்பசியில், கனகராஜின் அக்கா மகள் பெரியவளானாள். அக்காவைக் கட்டிக்கொடுத்திருந்தது எப்போதும்வென்றான் என்கிற ஊருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில். சடங்கன்று தாய்மாமன் கொண்டுவரும் சேலையைக் கட்டித்தான் பெண்ணை மணையில் உட்கார வைப்பார்கள். கனகராஜுக்கு அப்பா இல்லை. சித்தப்பாமாருக்கும் அக்கா வீட்டுக்காரருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அம்மா தாலியறுத்தவர் என்பதால் சீரோடு முன்னால் வரக்கூடாதாம், அதுவும் ஒரு சட்டம். ஆக, மீசை சரியாக அரும்பாத பதினேழு வயசுப் பயல்தான் அந்தப் பெண்ணுக்கு இருந்த ஒரே மாமன்.

அவன் அம்மா முதல் நாளே பஸ்ஸில் போய்விட்டார். போகும்போது, “பத்தரைக்குள்ள சேலை வந்திரணும்லே. இல்லன்னா உங்க அக்கா அந்த வீட்டுல தலை நிமிர முடியாது” என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அவர் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். “நீதான் இனி ஆம்பள” என்று வேறு சொல்லிவைத்தார். அது அவன் தலைக்கு ஏறிவிட்டது. ஜாக்கெட் தைத்து வாங்கவே காலை எட்டரை மணி ஆனது. எங்களோடு படித்த சுடலை தன் அப்பாவுக்குத் தெரியாமல் எடுத்துவந்த மொபட்டில் நாங்கள் மூன்று பேர். முன்னால் கனகராஜ், நடுவில் மாலையும் சேலையும் இருந்த பையோடு நான், கடைசியில் பழமும் தட்டுகளும் கட்டிய சாக்கு மூட்டையைப் பிடித்துக்கொண்டு சுடலை.

பசுவந்தனை தாண்டும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. அப்படியே தார் ரோட்டிலேயே போயிருந்தால் பத்து மணிக்குப் போய் இறங்கியிருப்போம். இவன் வண்டியைத் திடீரென்று ஒரு வண்டிப்பாதையில் திருப்பினான். “ஏலே, நேத்து ராத்திரி மழைலே!” என்று சுடலை பின்னாலிருந்து கத்தினான். “மேல காஞ்சிருக்கு, பாக்கலயா? இதுல போனா பாதி தூரம்தான்” என்றான் கனகராஜ்.

வெளியூர்க்காரன் இதைச் செய்திருந்தால் மன்னித்துவிடலாம். கரிசலில் பிறந்தவனுக்கு, மழை பெய்த மறுநாள் வெயில் பட்டு மேலே பொருக்குத் தட்டியிருந்தாலும் அடியில் களியாகத்தான் கிடக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு பர்லாங்குகூடப் போகவில்லை, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் மண் அப்பிச் சக்கரம் நின்றுவிட்டது. குச்சியால் நோண்டினோம், கையால் வழித்தோம். நாலடி உருட்டினால் மறுபடியும் அப்பிக்கொண்டது. செருப்பைக் காலிலிருந்து மண்ணே கழற்றி வைத்துக்கொண்டது. மூன்று பேரும் ஒருவரையொருவர் வாயில் வந்தபடி ஏசினோம்.

கவிழ்த்து வைத்த செல்போனைப் பிறகு எடுத்து மீதிப் படத்தையும் பார்த்தேன்; அதில் கார் நின்றதும் ஒருவன் கோபித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்து போய்விடுகிறான். எனக்கும் அப்படிப் போகத்தான் ஆசை. பையை அவன் கையில் திணித்துவிட்டுத் திரும்பினேன். நாலாவது எட்டில் ஒவ்வொரு காலிலும் ஒரு படி மண் ஏறிவிட்டது. கோபித்துக்கொண்டு போகிறவனைக்கூட ஒழுங்காகப் போகவிடாத மண்ணை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. திரும்பிப் பார்த்தால் கனகராஜ் சட்டையைக் கழற்றிச் சேலைப் பையைச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு, அழுதபடியே நடந்துகொண்டிருந்தான். என்னைக் கூப்பிடவுமில்லை. எனக்கு எரிச்சலாகவும் பாவமாகவும் இருந்தது. மொபட்டை அங்கேயே போட்டுவிட்டு, சுடலையும் நானும் மூட்டையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு அவன் பின்னால் போனோம். செல்போன் எங்களிடம் கிடையாது. அவன் வீட்டுக்கு இருந்த ஒரே செல்போன் அம்மாவிடம் இருந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றே கால். அதற்குள் அங்கே நடந்ததை அவன் அம்மா பிறகு சொன்னார். பத்தரை தாண்டியதும் அக்காவின் மாமியார், “பொறந்த வீட்டுல ஒரு ஆளு இல்லையா? என் அண்ணன் மவனும் மாமன் முறைதான், அவன் எடுத்துக் குடுக்கட்டும்” என்றிருக்கிறார். அண்ணன் மகனும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தயாராக நின்றாராம். “எந்தம்பி வராம பிள்ளை மணையில உக்காராது அத்தை” என்று சொல்லிவிட்டு அக்கா வெளியே வந்துவிட்டார். வந்தவர்கள் எல்லோரும் வாசலில் நின்று தார் ரோட்டையே பார்த்துக்கொண்டிருக்க, அக்கா மட்டும் வீட்டுக்குப் பின்புறம் போய்க் காட்டுப் பக்கம் பார்த்து நின்றிருக்கிறார்.

முழங்கால்வரை மண்ணோடு மூன்று பேர் பருத்திக் காட்டுக்குள்ளிருந்து வருவதை முதலில் பார்த்தவர் அவர்தான். “நீ தார் ரோட்டுல வரமாட்டன்னு எனக்குத் தெரியும்லே. உனக்கு ஏது பொறுமை?” என்று சொல்லி, தம்பியின் மண்டையில் நங்கென்று ஒரு குட்டு வைத்தார். பிறகு அவரே செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவன் காலைக் கழுவினார். சேலையில் ஒரு பொட்டு மண்கூட இல்லை; அதைக் கட்டித்தான் பிள்ளையை மணையில் உட்கார வைத்தார்கள். மறுநாள் சுடலைக்கு அவன் அப்பாவிடம் விழுந்த அடி தனிக் கதை.

அதெல்லாம் முடிந்து பதின்மூன்று வருடம் ஆகிறது. போன ஆவணியில் அதே பெண்ணுக்குக் கல்யாணம். கனகராஜ் துபாயில் இருக்கிறான். லீவு கிடைக்கவில்லை, வீடியோவில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டான். நான் கோவில்பட்டியிலிருந்து காரில், தார் ரோட்டிலேயே, நேரத்துக்குப் போய் இறங்கினேன். மாமன் மாலையை அக்கா மாமியாரின் அந்த அண்ணன் மகன்தான் எடுத்துக் கொடுத்தார். எனக்கு அவர்மேல் கோபமில்லை. ஒரு நாற்காலியில் செல்போனைச் சாய்த்து வைத்திருந்தார்கள், அதில் கனகராஜ் சிரித்துக்கொண்டிருந்தான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை பார்த்த அந்தக் கோசாப் படத்தையும் அவனுக்கு அனுப்பினேன். ஒரு கட்டைவிரலைப் பதிலாக அனுப்பியிருக்கிறான்.

கல்யாணத்தன்று பந்தலில் அக்காவைக் காணவில்லை என்று தேடிக்கொண்டு வீட்டுக்குப் பின்புறம் போனேன். பருத்திக் காடு இருந்த இடம் முழுக்க இப்போது சோலார் தகடுகள், சுற்றிலும் கம்பிவேலி. அக்கா பட்டுச்சேலையோடு அந்த வேலியைப் பார்த்து நின்றார்.

“அங்கன பாதைய அடைச்சுட்டாங்கல்லா, அக்கா” என்றேன்.

“தெரியும் தம்பி” என்றார். ஆனால் பந்தலுக்கு வரவில்லை.