புளியமரங்களைத் தாண்டி வந்த ஞானஸ்நானம்

1971 ஜூன் 7: மாதச் சம்பளம் ரூ. 60.
1979 ஏப்ரல் 1: ரூ. 140.
1987 ஆகஸ்ட் 11: மலை ஊழிய மானியம், ஆண்டுக்கு ரூ. 3,600. செப்டம்பர் 30 உடன் நிறுத்தம்.
1987 செப்டம்பர் 17: சாலை மறியல் தொடக்கம்.
1987 செப்டம்பர் 20: ஞானஸ்நானத்துக்குக் குறித்த நாள்.

இவற்றில் முதல் தேதியில்தான் லூசியம்மாள் சுவிசேஷ ஊழியத்துக்காகக் கல்வராயன் மலை ஏறினார். அப்போது வயது இருபத்தொன்பது. மற்ற ஊழியக்காரர்கள் கஞ்சிராவும் துண்டுப் பிரசுரமும் கொண்டுபோவார்கள். லூசியம்மாளின் பையில் வேதப்புத்தகமும் மாற்றுச் சேலையும் ஒரு களைக்கொத்தும் இருந்தன.

கூப்பிடாமல் எந்த வீட்டுக்குள்ளும் அவர் நுழைந்ததில்லை. வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரில், சாமைக் கொல்லையில் களையெடுக்கும் பெண்களின் வரிசையில் ஒரு முனையில் உட்கார்ந்துகொள்வார். கை களையைப் பிடுங்கும், வாய் பாடும். மெட்டு மலைப்பெண்களுடையது, கதை வேதத்தினுடையது. கொல்லை முடியும்போது ஓர் உவமையும் முடிந்திருக்கும்.

ஞானஸ்நானம் வேண்டும் என்று யாராவது தனியாக வந்து கேட்டால், உடனே சரி சொல்லமாட்டார்.

"வூட்டுல கேட்டியா? வூட்டுக்காரரு இன்னா சொன்னாரு? எல்லாரும் கலந்து பேசிக்கினு வாங்க, அவசரம் ஒண்ணும் இல்ல" என்று அனுப்பிவிடுவார். ஒரு குடும்பத்தை இரண்டாகப் பிரித்து அதில் ஒரு பாதியைச் சபையில் சேர்க்க அவருக்கு மனம் வரவில்லை. இப்படியே பதினாறு வருடம் ஓடியது. அவர் ஆண்டுதோறும் அனுப்பிய அறிக்கையில் ஞானஸ்நானம் பெற்றவர் என்ற இடம் காலியாகவே இருந்தது.

கீழே, அவருக்குச் சம்பளம் கொடுத்துவந்த திருச்சபையின் வட்டாரக் குழுவில் பொறுமை தீர்ந்துபோனது. பலன் இல்லாத இடத்துக்குப் பணம் எதற்கு என்று ஆகஸ்டில் தீர்மானம் போட்டார்கள். செப்டம்பர் கடைசிக்குள் மலையில் ஒரு சபை உருவானதாகப் போதகர் கையெழுத்துடன் தகவல் வந்தால் மட்டும் மறுபடியும் யோசிப்பார்களாம். இல்லாவிட்டால் அக்டோபரிலிருந்து லூசியம்மாள் கீழே இறங்கி, மாணவியர் விடுதியில் சமையலைக் கவனிக்க வேண்டும்.

இதை மலையில் ஒருவரிடமும் அவர் சொல்லவில்லை. தனக்காக இரக்கப்பட்டு யாரும் தண்ணீரில் இறங்க வேண்டாம் என்று நினைத்தார். ஆனால் அந்த மாதமே ஒருநாள், களை வரிசையின் நடுவில் செல்லியம்மாள் கொத்தைக் கீழே வைத்தாள். அந்த வரிசைக்கே தலைவி அவள்.

"பேசிட்டோம்மா. ஏழு வூடு. ஆம்பளைங்களும் சரின்னுட்டாங்க. எப்ப தண்ணி ஊத்துவீங்க?"

லூசியம்மாளுக்குக் களையும் பயிரும் ஒன்றாகத் தெரிந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் ஊத்தக் கூடாதும்மா. போதகரு வரணும்" என்றார்.

செப்டம்பர் இருபது, ஞாயிறு என்று நாள் குறித்தார்கள். ஆசீர்வாதம் என்ற போதகரைக் கையோடு அழைத்துவர லூசியம்மாள் புதன்கிழமையே கள்ளக்குறிச்சிக்கு இறங்கினார். வியாழன் விடிந்தபோது பஸ் இல்லை. இடஒதுக்கீடு கேட்டு மறியல். சாலைகள் நெடுக மரங்கள் சாய்ந்து கிடந்தன. எந்த ஊரில் எந்தத் தெரு ஆள் நடமாடலாம் என்று எல்லோரும் யோசித்த வாரம் அது. சேரியில் பிறந்த லூசியம்மாளும் யோசித்தார். ஞாயிறு போய்விட்டது. திங்கள் காலையில் அவர் போதகர் வீட்டு வாசலில் பையோடு வந்து நின்றார்.

"ஐயா, நடந்துடலாம்."

போதகருக்கு அறுபத்துமூன்று வயது, இரண்டு முழங்காலிலும் வலி. அவர் மனைவியைப் பார்த்தார், லூசியம்மாளைப் பார்த்தார், செருப்பை மாட்டிக்கொண்டார்.

ஊரைத் தாண்டியதும் முதல் மரம். பெரிய புளியமரம், சாலைக்குக் குறுக்கே. அதன்மேல் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் பொன்னுரங்கம் என்ற கரும்பு விவசாயி. போதகரின் தோல்பையைப் பார்த்ததும் எழுந்தார்.

"இன்னா சார், எந்த ஆபீசு?"

"ஆபீசு இல்லீங்க. இவரு எங்க போதகரு. மலைக்குப் போறோம், ஞானஸ்நானம் குடுக்க" என்றார் லூசியம்மாள்.

"நீ இன்னாம்மா பண்ற?"

"களையெடுப்பேன். பாடுவேன்."

"அப்ப ஒரு பாட்டு பாடிட்டுப் போ. காலையிலேந்து குந்திக்கினு இருக்கோம், ரேடியோவுக்கு பேட்டரி இல்ல."

லூசியம்மாள் விதைக்கிறவன் கதையைப் பாடினார். வழியில் விழுந்த விதையைக் குருவி தின்றது, பாறையில் விழுந்தது காய்ந்தது, நல்ல நிலத்தில் விழுந்தது நூறாய் விளைந்தது. பொன்னுரங்கம் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு மடக்கினார்.

"நிறுத்தும்மா. அவன் இன்னா விவசாயி? ரோட்டுல கொண்டுபோய் எவனாச்சும் வெதையப் போடுவானா?"

"நீங்க ரோட்டுல புளியமரமே நட்டு வெச்சிருக்கீங்களே!"

மரத்தின்மேல் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் ஒருவர் கீழே விழுந்தார். பொன்னுரங்கமும் சிரித்தார். "வண்டியப் பூட்டுடா. மோட்டாருக்குத்தான் மறியல், மாட்டுக்கு இல்ல" என்று ஆளை அனுப்பினார்.

மரத்துக்கு அந்தப் பக்கம் நின்ற மாட்டுவண்டி அவர்களை அடுத்த மரம்வரை கொண்டுபோனது. அங்கே இறங்கி, போதகரைக் கைத்தாங்கலாக மரத்தைத் தாண்ட வைத்தால், மறுபுறம் அடுத்த ஊர் வண்டி. செய்தி முன்னால் போய்விட்டது. மூன்றாவது மரத்தில் லூசியம்மாளுக்கு ஸ்டூல் போட்டுக் காத்திருந்தார்கள். "அந்த வெத பாட்டுதான் வோணும். ரோட்டுல போடறானாமே, பைத்தியக்காரன்!" என்று கேட்டு வாங்கினார்கள். எங்கும் பாட்டுத்தான் சுங்கம். பதினாறு வருடம் நாலு பெண்களுக்கு நடுவில் பாடியவர், அன்று ஊர் ஊராகப் பாடினார். போதகர் ஒரு வரிகூடப் பிரசங்கம் செய்யவில்லை. தேவைப்படவில்லை.

கச்சிராயபாளையத்துக்கு முந்திய மரத்தில் மட்டும் யாரும் பாட்டுக் கேட்கவில்லை. வேறு இடங்களில் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போன செய்தி அப்போதுதான் வந்திருந்தது. லூசியம்மாள் அவர்களோடு தரையில் உட்கார்ந்தார். சற்று நேரம் கழித்துத் தானாகவே, மெல்ல, செத்தவனுக்காக அழுத இயேசுவின் கதையைப் பாடினார். ஒரு முதியவர் எழுந்து வண்டியில் வைக்கோலைப் பரப்பி, போதகர் காலை நீட்ட இடம் செய்து கொடுத்தார்.

செவ்வாய் காலையில் மலையடியில், செய்தி கேட்டு இறங்கி வந்த சிற்றூர் ஆட்கள் காத்திருந்தார்கள். மூங்கிலில் போர்வையைக் கட்டித் தூளியாக்கி, போதகரை அதில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். "ஐயா கனம் ஜாஸ்தி" என்று ஒருவன் சொல்ல, "பைதான்டா கனம்" என்றார் போதகர்.

ஓடைக்கரையில் ஏழு வீட்டாரும் ஈரத்தலையோடு நின்றார்கள். குழந்தைகள் நடுங்கின. செல்லியம்மாள் முன்னால் வந்தாள்.

"மூணு நாளா காலையில குளிச்சிக்கினே இருக்கோம் சாமி. பாவம் எல்லாம் ஓடையில பூட்டிருக்கும். ஜெபம் மட்டும் பண்ணுங்க."

லூசியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். ஞாயிறன்று போதகர் வராததும் சடங்கில் ஒரு பகுதி, அவர் வரும்வரை தினமும் முழுக்குப் போட வேண்டும் என்று அவர்களாகவே முடிவு செய்திருந்தார்கள். போதகர் கரையில் உட்கார்ந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு அங்கியை அணிந்து தண்ணீரில் இறங்கினார்.

"செல்லியம்மாளுக்கு என்ன பேர் வைக்கலாம்?"

"பேருதான் இருக்குதே சாமி. இன்னொண்ணு எதுக்கு?"

அந்தப் பெயராலேயே அவளுக்கு ஞானஸ்நானம் ஆயிற்று. மற்ற முப்பது பேருக்கும் அப்படியே. கடைசி ஆள் கரையேறியதும் பெண்கள் களைப்பாட்டைத் தொடங்கினார்கள். அன்று லூசியம்மாள் முதல் குரல் கொடுக்கவில்லை, பின்பாட்டுத்தான் பாடினார்.

மறியல் ஓய்ந்ததும் போதகர் கையெழுத்திட்ட தகவல் மாதக் கடைசிக்குள் குழுவுக்குப் போய்ச் சேர்ந்தது. பதில் வரவில்லை. அக்டோபர் பிறந்தது. சம்பளம் வரவில்லை, கீழே இறங்கச் சொல்லியும் யாரும் எழுதவில்லை. லூசியம்மாள் வழக்கம்போல் கொல்லைக்குப் போனார்.

தபால்காரர் வரப்பில் நின்று கூப்பிட்டபோது பாட்டு பாதியில் இருந்தது. முடித்துவிட்டுத்தான் எழுந்தார். மலை ஊழியம் தொடரும், லூசியம்மாள் அங்கேயே இருக்கலாம் என்று எழுதியிருந்தது. கடைசியில் குழுத் தலைவர் தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார்: அந்த விதைப்பாட்டை எழுதி அனுப்பவும்.

அந்தக் கடிதம் வந்தது 1987 அக்டோபர் 14, புதன்கிழமை.