நானா இன்னும் சொல்லவில்லை

அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பொலிஸ்காரன் குந்தியிருக்கிறான் என்று நான் மனதார நம்பினேன். சிரிக்க வேண்டாம். லண்டனில் பிள்ளைகளின் மனதைப் பார்க்கும் கிளினிக் அது. யாரும் தலைவாரிக்கொள்ளாத அறையில் எதற்கு ஓராள் உயரக் கண்ணாடி? நான் ஒரு பிழையான சொல் சொன்னால் போதும், அவன் வெளியே வந்து மகளை ஒரு கையிலும் எங்கள் பாஸ்போட்டுகளை மறு கையிலும் தூக்கிக்கொண்டு போய்விடுவான். எதற்கும் இருக்கட்டும் என்று கண்ணாடியைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டி வைத்தேன்.

மகள் வதனிக்கு ஏழு வயது. வீட்டுக்குள் வாய் ஓயாது. வாசற்கதவு திறந்தால் வாய் மூடிவிடும். இங்கு பள்ளிக்கூடத்தில் சேர்ந்து ஒரு வருடமாகியும் ஆங்கிலத்திலோ தமிழிலோ ஒரு சொல் இல்லை. தலைமை ஆசிரியை எங்களைக் கூப்பிட்டு 'தெரப்பி' என்றார். எங்கள் ஊரில் மனதுக்கு வைத்தியம் என்றால் ஆளைக் கொழும்புக்கு ஏற்றி அனுப்புவார்கள். அப்படிப் போனவர் திரும்பி வந்ததை நான் கண்டதில்லை.

ஆகவே பிள்ளையைத் தயார்படுத்தத் தொடங்கினேன். இளந்தாரி வயதில் திருகோணமலைத் துறைமுகத்தில் வெள்ளைக்காரனின் கப்பல்களுக்குப் பெயின்ற் அடித்தவன் நான். பெரிய துரை பார்வையிட வருகிறார் என்றால் இரும்பில் ஏறிய கறளைச் சுரண்ட நேரமிருக்காது. அதற்கு மேலேயே ஒரு பூச்சுப் பூசி, சல்யூட் அடித்து நிற்போம். அதே முறைதான் இங்கேயும். மனைவியின் சால்வையைத் தலையில் சுற்றி, டொக்டரம்மாவாகக் கதிரையில் இருந்து, "ஆர் யூ ஹாப்பி?" என்று கேட்டேன். "வெரி ஹாப்பி, தாங்க்யூ" என்று வதனி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அங்க போய் வாய் திறக்கிற பிள்ளைக்கு என்னத்துக்கப்பா தெரப்பி?" என்றாள் மனைவி குசினியிலிருந்து. "விசர்க்கதை கதையாதேங்கோ."

இதே வாசலில் நிற்கப்போகும் நம்மவர்களுக்காகச் சொல்கிறேன். ஊசி இல்லை, மருந்து இல்லை. பிள்ளையிடம் கேள்வியும் இல்லை. ஓர் இளம் பெண் வதனியின் கையைப் பிடித்து, மணல் பெட்டியும் பொம்மைகளும் இருந்த அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். கேள்வியெல்லாம் எங்களுக்குத்தான். கண்ணாடி அறையில் டொக்டரான வயதான ஒரு அம்மா எங்களை இருத்தினார். பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, எனது துறைமுக நன்னடத்தைப் பத்திரம் எல்லாவற்றையும் மேசையில் பரப்பினேன். அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

"வீட்டில் நிலைமை எப்படி?" என்று கேட்டார்.

"கூரை ஒழுகவில்லை, மேடம்" என்றேன். அவர் சிரிக்காமல் காத்திருந்தார். அந்தக் காத்திருப்புத்தான் பயங்கரம். அதை நிரப்ப நான் பகிடிக்கு மேல் பகிடியாகக் கொட்டினேன். முடிவில், உள்ளே மகள் என்ன செய்தாள் என்று கேட்டேன். "அது அவளுடையது" என்றார். ஏழு வயதுப் பிள்ளைக்கு என்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?

கிழமைதோறும் போனோம். ஒரு நாள், வதனி உங்களுக்கு ஒன்று காட்டச் சம்மதித்திருக்கிறாள் என்று எங்களையும் உள்ளே கூப்பிட்டார்கள். மணலில் ஒரு விளையாட்டு லொறி நின்றது. இளம் பெண் விரலால் மெல்ல மணலை விலக்கினாள். லொறிக்குக் கீழே மூன்று பொம்மைகள் முகங்குப்புறக் கிடந்தன.

"நானாவின்ர லொறி," என்றாள் மனைவி.

நாங்கள் லண்டனுக்குப் புறப்பட்ட கிழமை நாட்டில் தமிழரைத் தேடித் தேடி அடிக்கும் குழப்பம். பஸ் இல்லை, ரயில் இல்லை. விமானம் எங்களுக்காக நிற்காது. பக்கத்து ஊரான கிண்ணியாவின் முஸ்லிம் கருவாட்டு வியாபாரி, எல்லோருக்கும் அண்ணன் மாதிரியான காசிம் நானா, எங்கள் மூவரையும் தன் லொறியில் கருவாட்டுச் சாக்குகளுக்குக் கீழே படுக்க வைத்தார். "மகள், நான் சொல்லுமட்டும் வாய் திறக்கப்படாது. கருவாடு கதைக்கிறல்லத்தானே?" என்றார். காட்டு ரோட்டில் லொறி நின்றது. ஆட்களின் சத்தம். சாக்குகளுக்கிடையில் ஒரு கம்பு இறங்கி இறங்கித் தேடியது. நானா சிங்களத்தில் சிரித்துச் சிரித்துக் கதைத்தார். எனக்கு இருமல் முட்டிக்கொண்டு வந்தது. இருட்டில் ஒரு சின்னக் கை என் வாயைப் பொத்தியது.

விமான நிலைய வாசலில் எங்களை இறக்கியதும், பின்னால் வாகனங்கள் ஹோன் அடிக்க, நானா அவசரமாக லொறியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

கிளினிக்கிலிருந்து வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகு மகளிடம் சொன்னேன்: "இனி வெளியிலயும் கதைக்கலாம், பிள்ளை."

"நானா சொல்லேல்லையே, அப்பா."

"நான் சொல்லுறன்தானே?"

"நீங்கள் இருமப் பாத்தனீங்கள்."

'இனிக் கதைக்கலாம்' என்று மகளுக்கு ஒரு வரி போடச் சொல்லி நானாவுக்கு எழுதினேன். பதில் இல்லை. இரண்டாவதாக எழுதியதற்கும் இல்லை. பேசு என்று பிள்ளையை நெருக்க வேண்டாம், இது ஒரே நாளில் திறக்கிற கதவல்ல என்றார் அந்த அம்மா. கண்ணாடிக்குப் பின்னால் யார் என்று அன்றுதான் துணிந்து கேட்டேன். கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். பழைய கதிரைகளை அடுக்கி வைத்த ஒரு அறை.

இனி நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். குளிர் குறையத் தொடங்கிய ஒரு பின்னேரம், கிளினிக்கிலிருந்து திரும்பும்போது, சனம் நிறைந்த பஸ்ஸின் மேல்தட்டில் வைத்து வதனி தமிழில் உரக்கக் கேட்டாள்: "அப்பா, இங்க கருவாடு வாங்கலாமோ?"

முன்னால் இருந்த, எங்கள் நிறத்தைக் கண்டாலே கைநீட்டுகிற மொட்டைத் தலை வெள்ளைக்காரப் பொடியன்கள் இருவர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் இன்னொரு தரம் கேட்டாள். அவள் வாயைப் பொத்த என் கை எழுந்தது.