வெளுத்துப்போன பாசிச் சுவர்

என் எழுத்து கோட்டைத் தாண்டி ஓடும், பிழைகளும் இருக்கும், பொறுத்து வாசியுங்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். நாலு பேர் முன்னால் பேச வராததால்தான் கொப்பியில் எழுதுகிறேன்.

ஹாலிஎலவுக்கு மேலே ஒரு பயிற்சி நிலையத்தில் காவலும் துப்புரவும் என் வேலை. அதன் மேற்குச் சுவருக்கு வெளியே ஆறு கண்ணாடிப் பெட்டிகள் நிற்கின்றன. கதவளவு உயரம், கையகலத் தடிப்பு. உள்ளே தண்ணீரில் உயிருள்ள பாசி. கீழிருந்து மோட்டார் காற்றை விட, குமிழி ஏறிக்கொண்டே இருக்கும். வெயிலைப் பாசி வாங்கிக்கொள்வதால் பின்னால் உள்ள வகுப்பறை பின்னேரத்தில் சுடாது. பாசி தடித்துப்போனால் கொஞ்சம் வடித்துப் பூச்செடிக்கு ஊற்றுவோம்.

இந்த வேலைக்கு முன் இருபது வருஷம் தேயிலைத் தோட்டத்தில் தண்ணீர்த் தொட்டி பார்த்தவன் நான். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குத் தண்ணீர் போகும் தொட்டியில் பாசி பிடித்தால் தேய்த்துக் கழுவி குளோரின் தூள் போடுவேன். அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, யாரும் சொல்லாமலே, நிலையத்தின் கூரைத் தொட்டியைக் கழுவித் தூள் போட்டேன். மறுநாள் பெட்டிகளில் தண்ணீர் குறைந்திருந்தது. அதே தொட்டியின் குழாயைத் திறந்து நிரப்பினேன்.

திங்கட்கிழமை ஆறு பெட்டிகளும் வைக்கோல் நிறத்தில் நின்றன.

பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. சொல்லத்தான் வாய் வரவில்லை. சுவருக்குப் பொறுப்பான மிஸ், என்னைவிட வயதில் சின்னவர், மலைக்குளிர் பாசிக்கு ஒத்துவரவில்லை என்று நினைத்துக்கொண்டார். பெட்டிகளைக் கழற்றிவிடலாம் என்று மேலிடத்துக்கு எழுதப்போவதாகச் சொன்னார்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். வேலை போய்விடும் என்றேன்.

"போனா ஒங்க வேல மட்டும் போகும். சொல்லாட்டி அந்தப் புள்ளயோட சொவரே போயிரும். எங்கிட்ட மொணங்காம அங்க போய்ச் சொல்லுங்க."

அப்படியும் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. புதன்கிழமை மிஸ், "எல்லாம் என்னோட பிழைதாண்ணே, இந்தக் குளிர நான் யோசிக்கல" என்றார். அதற்கு மேல் தாங்கவில்லை. தரையைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். ஏசுவார் என்று நின்றால், அவர் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப குளிர்ல சாகலியா?"

"இல்ல மிஸ். நாந்தான்."

அவர் முகத்தில் கோபமே இல்லை. குளோரின் தூள்தான் காரணமென்றால் சுவரில் குறையில்லை, கழற்றவும் வேண்டாம். புதிய பாசி கொழும்பிலிருந்து வர வாரக்கணக்காகுமே என்பதுதான் அவருடைய அடுத்த கவலை. ஒன்றைச் சொன்ன பிறகு மற்றதைச் சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை. போன முறை வடித்தபோது லீக்ஸ் பாத்திக்கு ஊற்றவென்று கேட்காமலே ஒரு போத்தல் கொண்டு போயிருந்தேன். பாதி இன்னும் எங்கள் ஜன்னலில் பச்சையாகவே இருக்கிறது என்றேன்.

"இன்னும் என்னென்னண்ணே ஒளிச்சு வச்சிருக்கீங்க?" என்று சிரித்துவிட்டார்.

பெட்டிகளைக் கழுவி, ஊற்றுத் தண்ணீரைச் சுமந்து நிரப்பினேன். போத்தலை முதல் பெட்டியில் ஊற்றினோம். ஒரு வாரம் ஒன்றுமில்லை. பிறகு தண்ணீரில் இலைச்சாறு சொட்டியது போல ஒரு நிறம் தெரிந்தது. அதிலிருந்து எடுத்து மற்றவற்றுக்கும் விட்டோம். கூரைத் தொட்டிக் குழாயை அடைத்தாயிற்று.

இன்று காலை ஆறாவது பெட்டிக்குப் பின்னால் கையை நீட்டிப் பார்த்தேன். கை தெரியவில்லை. அவ்வளவு பச்சை.

2024 மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை